அவர் பெயரில் விழுந்த பிழைகள்

கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில்தான் எங்கள் கம்பெனி இருந்தது. கீழே லாரியிலிருந்து பித்தளைக் குடங்களை இறக்கினால் மேலே எங்கள் மேஜைகள் அதிரும். பதினான்கு பேர் வேலை பார்த்தோம். ஐரோப்பாவில் கார்களை வாடகைக்கு விடும் ஒரு நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதுவதுதான் வேலை. சென்னைக்கும் பெங்களூருக்கும் போகாமல் ஊரில் இருந்தபடியே ஐ.டி. வேலை என்று விளம்பரம் கொடுத்திருந்தார்கள். அதை நம்பி வந்தவர்களில் நானும் ஒருவன். வலங்கைமான் பக்கத்திலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வந்துபோனேன்.

என்னோடு வேலை பார்த்த ஒரு அக்காவும் பஸ்ஸில்தான் வருவார். ராஜகிரியிலிருந்து. என்னைவிட நான்கு வயது மூத்தவர். கணவர் வளைகுடாவில் ஏதோ ஒரு கம்பெனியின் ஸ்டோரில் இருந்தார். மாமியாரையும் பள்ளிக்குப் போகும் மகளையும் பார்த்துக்கொண்டு, காலை ஒன்பதரைக்கெல்லாம் அக்கா தன் இடத்தில் இருப்பார். என் மேஜைக்கு எதிர் மேஜை. நாங்கள் இருவரும் ஒரே மாதத்தில் சேர்ந்தவர்கள். வேலையிலும் ஒரே நிலை. மரியாதைக்கு நான் அக்கா என்பேன், அவர் தம்பி என்பார்.

எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நாங்கள் எழுதும் நிரல் எல்லாம் ஐரோப்பாக்காரர்களின் சர்வரில் போய்ச் சேரும். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பதை அது பதிந்து வைத்துக்கொள்ளும்; அந்தப் பதிவேட்டை லாக் என்போம். அங்கே அனுப்புவதற்கு முன்பு தானாக ஓடி, நிரலைச் சோதித்து, சரியில்லை என்றால் ஏற்க மறுத்துவிடும் சின்ன நிரல் ஒன்று உண்டு. அதற்கு ஹூக் என்று பெயர். எங்கள் ஹூக்குகள் ஒவ்வொருவர் கணினியிலும் தனித்தனியாக இருந்தன. புது ஆள் வந்து நிரலை இறக்கிக்கொண்டால் ஹூக் கூடவே வராது. யாராவது போய்க் கையால் போட வேண்டும். பாதிப் பேர் கணினியில் பழைய ஹூக், சிலருடையதில் ஹூக்கே இல்லை. இருக்கிறவர்களும் கட்டளையோடு ஒரு சொல்லைக் கூடுதலாகத் தட்டி அதைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

தாண்டாமல் என்ன செய்வார்கள்? சோதனை ஓடி முடிய நாலு நிமிடம் ஆகும். அப்போது மின்வெட்டுக் காலம். பதினொரு மணிக்குக் கரண்ட் போகும் என்றால் பத்து ஐம்பத்தெட்டுக்குத்தான் எல்லோரும் வேலையை அனுப்புவார்கள். கீழே கடைக்காரர் ஜெனரேட்டர் போடுவதற்குள் எங்கள் யு.பி.எஸ். கூவ ஆரம்பித்துவிடும். அந்த அவசரத்தில் போனதெல்லாம் அரைகுறை. மதியம் மூன்று மணிக்கு ஐரோப்பாவிலிருந்து போன் வரும். "உங்கள் ஆட்கள் அனுப்பியது இங்கே ஓடவே இல்லை" என்பார்கள். எங்கள் மேனேஜர் ஸ்பீக்கரில் அதை எங்களுக்கும் கேட்கவைப்பார்.

ஒருநாள் போனை வைத்துவிட்டு அவர் என்னைக் கூப்பிட்டார்.

"இந்த ஹூக் எல்லாத்தையும் ஆட்டோமேட் பண்ணிட முடியுமா? யாரும் தாண்ட முடியாதபடி?"

"முடியும் சார். ப்ராஜெக்ட்ட இறக்கும்போதே தானா உக்கார்ற மாதிரி பண்ணிடலாம். சர்வர்லயும் ஒண்ணு வெச்சிட்டா யாரும் ஒண்ணும் செய்ய முடியாது."

"பண்ணுங்க. நல்லா வந்துச்சுன்னா உங்களையே அங்க அனுப்பி வெக்கிறேன். ஆறு மாசம் கிளையன்ட் ஆபீஸ்ல இருந்துட்டு வாங்க."

அன்று பஸ்ஸில் திரும்பியபோது உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். உட்கார முடியவில்லை. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்தார்கள். என் அப்பா அந்த வருடமும் மேட்டூர் திறப்பார்கள் என்று காத்திருந்து, குறுவை போடாமல் நிலத்தைத் தரிசாக விட்டிருந்தார். டீக்கடையில் யாராவது அவரிடம், "படிக்க வெச்சீங்களே, பையன் எப்ப வெளிநாடு போறான்?" என்று கேட்டால், "கும்பகோணத்துலயே கம்ப்யூட்டர் வேலைல இருக்கான்" என்பார். அவர்கள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கமாட்டார்கள். அந்த மௌனம் அவரைவிட எனக்குத்தான் சுட்டது.

மூன்று வாரத்தில் வேலையை முடித்தேன். நன்றாகவே செய்தேன் என்று இன்றும் சொல்வேன். புதிதாக யார் நிரலை இறக்கினாலும் அடுத்த நிமிடமே ஹூக் உட்கார்ந்துவிடும். நான் ஒரு விதியை மாற்றினால் மறுநாள் காலை பதினான்கு கணினிகளிலும் மாறியிருக்கும். யாராவது தாண்டி வந்தாலும் சர்வரில் உள்ள ஹூக் பிடித்துத் திருப்பும். அதை வைப்பதற்கு ஐரோப்பாக்காரர்களிடம் அனுமதி வாங்கியதும் நான்தான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் கேட்காத ஒன்றை நானாகச் சேர்த்தேன். யாருடைய வேலை எத்தனை தடவை திரும்பியது என்று சர்வரில் எண்ணி, வெள்ளிக்கிழமை தோறும் மேனேஜருக்கு ஒரு பட்டியல் மின்னஞ்சலில் போகும்படி செய்தேன். மொத்தமே பதினோரு வரி. பெயர்களுக்கு நேரே பட்டை போட்டு, அதிகம் உள்ளவர் முதலில் வரும்படி அடுக்கி, சிவப்பு நிறம் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்து அசர வேண்டும் என்பது தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

இதில் எனக்குத் தெரிந்த ஒரு விஷயம் இருந்தது. அந்த சர்வரில் நுழைய எங்கள் அலுவலகத்துக்கு ஐந்து பேர் பெயரில்தான் கணக்கு கொடுத்திருந்தார்கள். பதினான்கு பேர் எழுதுவது ஐந்து பெயர்களில் போகும். அக்காவைத் தவிர கணக்கு இருந்த மற்ற நால்வரும், நான் உள்பட, எங்கள் வேலையை மட்டும் அனுப்பிக்கொள்வோம். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் வந்து நின்றால், "அக்காகிட்ட குடுத்துடு" என்போம். ஆக, ஒன்பது பேருடைய வேலையும் அக்கா பெயரில்தான் போனது. அவர் ஒவ்வொன்றையும் படித்துப் பார்ப்பார். நேரம் இல்லாதபோது அனுப்பிப் பார்த்து, ஹூக் எங்கே மறுக்கிறது என்று எழுதியவருக்கே காட்டுவார்.

"பாத்தியா, இங்க உதைக்குது. ஏன்னு நீயே கண்டுபிடி. பத்து நிமிஷம் கழிச்சு வா."

என் ஹூக்கை அந்த அலுவலகத்தில் ஒழுங்காகப் பயன்படுத்திய ஒரே ஆள் அவர்தான். ஒரு தடவை சொன்னார்: "தம்பி, இது வந்ததுலேருந்து எனக்கு மூணு மணி போன்னா வயித்தக் கலக்குறதில்ல. நல்ல காரியம் பண்ணீங்க."

முதல் வெள்ளிக்கிழமைப் பட்டியலிலேயே அவர் பெயர் மேலே இருந்தது. இரண்டாவதிலும். எனக்கு உறுத்தியது. எழுதியவர் பெயரையும் சேர்த்துப் பதியும்படி மாற்ற ஒரு மதியம் போதும். செய்யலாம் என்று நினைத்தேன். அதற்குள் பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வந்தார்கள். அம்மா குளிருக்கு ஸ்வெட்டர் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்க ஆரம்பித்தாள். நான் அந்த மாற்றத்தைச் செய்யவில்லை. மறந்துபோனேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. பட்டியல் அழகாக இருக்கிறது என்று மேனேஜர் பாராட்டியிருந்தார். அதில் கோளாறு இருக்கிறது என்று போய்ச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். ஹூக் நன்றாக வேலை செய்வதால் இவ்வளவு ஆட்கள் தேவையில்லை, குறைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார்கள். மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். மேஜையில் எட்டு வெள்ளிக்கிழமைப் பட்டியல்களும் அச்செடுத்து இருந்தன. பக்கத்தில் என் விசாவுக்கான கடிதம், கையெழுத்துப் போடாமல்.

"எல்லா வாரமும் இவங்கதான் மேல இருக்காங்க. இத்தனையும் இவங்க தப்புதானா?"

அவருக்கும் ஐந்து கணக்கு விஷயம் ஒருகாலத்தில் தெரியும். மறந்திருக்கலாம். மறக்க விரும்பியும் இருக்கலாம். நான் ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

"லாக்ல அப்படித்தான் சார் இருக்கு" என்றேன்.

அது பொய் இல்லை. லாக்கில் அப்படித்தான் இருந்தது. அவர் தலையாட்டிவிட்டு, "சரி, நீங்க போங்க" என்றார். கடிதத்தில் மாலையே கையெழுத்து விழுந்துவிட்டது.

மறுநாள் அக்காவையும் புதிதாக வந்த மூன்று பேரையும் கூப்பிட்டு, மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொன்னார்கள். அந்த மூன்று பேரும் சின்னவர்கள். அன்றே சென்னைக்குப் போன் போட்டு வேலை தேட ஆரம்பித்துவிட்டார்கள். அக்கா அறையிலிருந்து வெளியே வந்து நேராக என் மேஜைக்கு வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ரிஜெக்ட் ஆனதெல்லாம் என் பேர்ல இருக்குன்னு சொல்றாங்க. அந்த லாக் முழுசும் எனக்கு ஒரு பிரிண்ட் எடுத்துக் குடுங்க தம்பி."

எடுத்துக் கொடுத்தேன். பதினேழு பக்கம். அவர் இரண்டு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரிக்கு எதிரிலும் அது யார் எழுதியது என்று பச்சை மையில் குறித்தார். எதையும் யாரிடமும் கேட்கவில்லை. நிரலைப் பார்த்தாலே அவருக்குத் தெரியும்; ஒவ்வொருவர் எழுத்தும் ஒவ்வொரு மாதிரி. கடைசிப் பக்கத்தில் தன் சொந்தப் பிழைகளையும் ஒளிக்காமல் குறித்திருந்தார். விரல்விட்டு எண்ணிவிடலாம். அதை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனார். ஐந்து நிமிடத்தில் திரும்பிவிட்டார்.

"என்ன சொன்னாருக்கா?"

"பாக்குறேன்னாரு. பிரிச்சே பாக்கல. மெஷின் என்ன, ஆளப் பாத்தா பேரு எழுதுதுன்னாரு." பக்கங்களை என் மேஜையில் வைத்தார். "நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாரு. ஹூக் போட்டது நீங்கதானே."

அப்போது நான் செய்ததை எழுதத்தான் இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"நான் நேத்தே போய்ச் சொல்லிப் பாத்தேங்க்கா" என்றேன். "எவ்வளவோ சொன்னேன். அவரு கேக்கல."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். அதுவரை இல்லாத ஒரு ஈரம் அப்போதுதான் அவர் கண்ணில் வந்தது.

"சொன்னீங்களா? போதும் தம்பி. நீங்களும் வேலையக் கெடுத்துக்காதீங்க. இத்தோட விட்டுடுங்க."

மாதக் கடைசியில் எல்லோருக்கும் வீட்டிலிருந்து ரவா கேசரி செய்து எடுத்துவந்தார். மேனேஜருக்கும் ஒரு தட்டு கொண்டுபோய்க் கொடுத்தார். சாயங்காலம் படியிறங்கிப் போனார்.

அடுத்த மாதம் நான் விமானம் ஏறினேன்.

அங்கே இருந்த அலுவலகத்தில் ஒரு பெண் பொறியாளர் என் ஹூக்குகளை வரி வரியாகப் படித்தார். நன்றாக இருக்கிறது என்றார். எண்ணிக்கை எடுக்கும் இடத்துக்கு வந்ததும் நிறுத்தினார். இது எதற்கு என்று கேட்டார். யார் அதிகம் தவறு செய்கிறார்கள் என்று தெரிவதற்காக என்றேன். தவறு உள்ளே வராமல் நின்றுவிட்டது, அப்புறம் அது யாருடையது என்று தெரிந்து உங்களுக்கு என்ன ஆக வேண்டும் என்று கேட்டார். கோபமாக இல்லை, உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. அவர் அந்தப் பதினோரு வரியையும் தேர்ந்தெடுத்து அழித்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போனார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. நான் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கும்பகோணத்தில் அதற்குப் பிறகு வேலை சரியாக நடக்கவில்லை. ஹூக் மறுக்காத நிரல் எல்லாம் நல்ல நிரல் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். இடைவெளி சரியா, சோதனைகள் ஓடுகிறதா என்பதைத்தான் அது பார்க்கும். எழுதியது அர்த்தமாக இருக்கிறதா என்று படித்துப் பார்க்க ஆள் இல்லை. ஒரு விடுமுறைக் காலத்தில் ஒரே காரை மூன்று பேருக்குப் பதிவு செய்து கொடுத்தது எங்கள் மென்பொருள். என் ஹூக் அதைத் தடையில்லாமல் உள்ளே விட்டிருந்தது. அந்த வருடத்தோடு ஒப்பந்தம் முடிந்தது. மாடியைக் காலி செய்து கடைக்காரரிடமே கொடுத்துவிட்டார்கள். ஆறு மாதம் என்று போன நான் நாலு மாதத்தில் திரும்பி, பெங்களூருக்குப் போனேன். இன்னும் அங்கேதான் இருக்கிறேன். அப்பா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். டீக்கடையில் என்னைப் பற்றி இப்போது நன்றாகப் பேசுகிறார்.

அக்காவைப் பார்க்கப் போக எனக்கு ஏழு வருடம் ஆனது. ஒரு பொங்கல் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது விசாரித்துக்கொண்டு போனேன். ராஜகிரியில் வீட்டின் முன்னறையிலேயே நாலு கணினி போட்டு, பெண்களுக்கு டைப்பிங்கும் டேலியும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நிரல் எழுதுகிற வேலை அதற்குப் பிறகு அவருக்குக் கிடைக்கவில்லை. கேட்ட இடத்திலெல்லாம் முந்தைய கம்பெனியிலிருந்து ஏன் நின்றீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். மாமியாரையும் மகளையும் விட்டுவிட்டு வெளியூர் போகவும் முடியவில்லை.

கணவர் வளைகுடாவை முடித்துக்கொண்டு வந்திருந்தார். நான் யார் என்று அக்கா சொன்னதுமே எழுந்து வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானா அது! வாங்க தம்பி, வாங்க. இவ சொல்லாத நாள் கெடையாது. அத்தன பேர் இருந்த ஆபீஸ்ல ஒருத்தர்தான் எனக்காகப் போய்ப் பேசினாருன்னு சொல்லிச் சொல்லி அழுவா. நான் அங்கேருந்துட்டு போன்ல என்னத்தச் செய்ய முடியும்? நீங்க பேசினீங்க பாருங்க, அது எங்களுக்குப் பெருசு."

உட்காருங்கள், வெறும் டீயோடு அனுப்பமாட்டேன், கடைக்குப் போய்விட்டு இதோ வந்துவிடுகிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். வகுப்பு முடிந்து பிள்ளைகளும் போய்விட்டிருந்தார்கள். அக்கா எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பெங்களூரைப் பற்றி விசாரித்தார். நான் பதில் சொல்லாமல், குனிந்தபடி, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். மேனேஜரிடம் நான் பேசவே இல்லை. அவரே கேட்டபோதும் உண்மையைச் சொல்லவில்லை. விசாக் கடிதம் மேஜையில் இருந்தது. உங்களிடம் சொன்னது பொய்.

ஒரு கணினியின் விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா எழுந்து போய் அதை நிறுத்திவிட்டு வந்தார்.

"வேல போனது எனக்கு எப்பவோ ஆறிப்போச்சு" என்றார். "அந்த ஆளு மேல கோவம்கூட இல்ல இப்ப. ஒருத்தராவது எனக்காகப் பேசினாரேன்னு ஒண்ணு இருந்துச்சு. எம்புள்ளகிட்டகூடச் சொல்லி வளத்திருக்கேன். அதையும் இல்லன்னு ஆக்கிட்டீங்க."

"மன்னிச்சிடுங்கக்கா. மனசுல வெச்சுக்க முடியல."

"உங்களுக்கு முடியல. வந்து சொல்லிட்டீங்க. இனிமே நான்ல வெச்சிருக்கணும்?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பச்சை மையால் குறித்த பக்கங்களோடு வெளியே வந்த அன்றுகூட அந்த முகம் இவ்வளவு மூடியிருக்கவில்லை. வாசலில் சைக்கிள் நிறுத்தும் சத்தம் கேட்டது. அக்கா சட்டென்று குரலைத் தாழ்த்தினார்.

"அவங்க வந்ததும் இத எடுக்காதீங்க. அவங்களாவது நம்பிட்டு இருக்கட்டும். சாப்பிட்டுட்டுக் கெளம்புங்க."

கணவர் சமோசாவும், அந்தப் பக்கத்து இறால் பலகாரமான வாடாவும் சுடச்சுட வாங்கி வந்திருந்தார். தட்டில் வைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு மேனேஜரிடம் என்ன பேசினீர்கள், அவன் என்ன பதில் சொன்னான் என்று ஆசையாகக் கேட்டார். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி விசைப்பலகைகளின் மேல் துணி போட்டு மூடிக்கொண்டிருந்தார்.

"சொன்னேங்க" என்றேன். "இவங்க தப்பு இல்லன்னு சொன்னேன். அவரு கேக்கல."

"கேக்க மாட்டானுவ" என்றார் கணவர். "இன்னொண்ணு எடுத்துக்கங்க தம்பி." வீட்டுக்குக் கொண்டுபோகவும் ஒரு பொட்டலம் கட்டி என் பையில் வைத்தார். பஸ் வரும்வரை என்னோடு ரோட்டில் நின்று, நான் ஏறி உட்கார்ந்த பிறகும் ஜன்னலுக்கு வெளியே கையை உயர்த்திக்கொண்டு நின்றார். அக்கா வாசலுக்கு வரவில்லை.